பார்ட்டி போட்டுக்கு எந்த ராட், எந்த ரீல்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹியூஸ்டனிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் கால்வெஸ்டன். அங்கே 19ஆம் பியர் என்ற படகுத்துறையிலிருந்து மீன் பிடிக்க ஆழ்கடலுக்குப் போகும் பார்ட்டி போட்டுகளில் ஏழெட்டு வருடமாகப் போய்வருகிறேன். ஒவ்வொரு மே மாதமும் அதே சந்தேகங்கள் வாட்ஸப்பில் வரிசையாக வந்துவிடும். பேர்லாண்டு மீனாட்சி கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதுகூட ஒருவர் ரீலைப் பற்றிக் கேட்டார். பெயரிலேயே மீனை வைத்திருப்பவள் கோபிக்க மாட்டாள் என்று அங்கேயே நின்று பதில் சொன்னேன். இனி இந்தப் பக்கத்தை அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதிவைக்கிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் மெக்சிகோ வளைகுடாவில், பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில், அடியாழத்தில் ரெட் ஸ்னாப்பர் பிடிப்பதற்கு. ராட் என்றால் தூண்டில் கம்பு, ரீல் என்றால் அதில் மாட்டி நரம்பை (தூண்டில் இழையை) சுற்றும் கருவி. பெட்டிகளின் மேல் பவுண்டு, அடி, அவுன்ஸ் என்றுதான் அச்சடித்திருப்பார்கள் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பார்ட்டி போட்டுன்னா பாட்டு, டான்ஸ் எல்லாம் இருக்குமா? குடும்பத்தோட வரலாமா?

இருக்காது. தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு, முன்பின் தெரியாத நாற்பது ஐம்பது பேர் ஒரே படகில் போய் மீன் பிடிப்பதற்குத்தான் இந்தப் பெயர். ஹெட் போட் என்றும் சொல்வார்கள். தோளோடு தோள் உரச விளிம்புக் கம்பியை ஒட்டி நிற்க வேண்டும். இந்த நெரிசலை நினைவில் வையுங்கள், கீழே வரும் பாதிப் பதில்கள் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

குடும்பத்தோடு வரலாம். ஆனால் மீன் இருக்கும் இடத்துக்குப் போகவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும், டெக்சஸ் கரையில் கடல் அவ்வளவு மெதுவாகத்தான் ஆழமாகிறது. வாந்தி வரும் உடம்புக்காரர்கள் முந்தின இரவே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து கடலுக்குப் போகும்.

முதல் தடவை போறேன். எல்லாம் வாங்கிட்டுத்தான் போகணுமா?

வேண்டவே வேண்டாம். படகிலேயே வாடகைக்குக் கொடுப்பார்கள், சில படகுகளில் டிக்கெட்டோடு சேர்ந்தே வரும். பெரும்பாலும் ஆறடிக்குள் ஒரு தடித்த கம்பு, அதன்மேல் பழைய பென் செனட்டர் போன்ற கனமான ரீல், முரட்டு மோனோ (ஒற்றை இழை) நரம்பு. பார்க்க லாரி ஜாக்கி மாதிரி இருக்கும், ஆனால் மீனைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். பென் கம்பெனி 1932இல் பிலடெல்பியாவில் தொடங்கியது, செனட்டர் வரிசை அதற்கு நாலைந்து வருடத்தில் வந்தது. இத்தனை காலம் ஓடுகிறது என்றால் காரணம் இருக்கும்.

முதல் பயணத்தில் மீனைப் பிடிப்பதோடு கொஞ்சம் வேடிக்கையும் பாருங்கள். எத்தனை அவுன்ஸ் ஈயம் கட்டுகிறார்கள், எவ்வளவு ஆழம் என்று கேப்டன் மைக்கில் சொல்கிறார், பின்முனையில் நிற்கும் பழைய ஆட்கள் கையில் என்ன நீளக் கம்பு இருக்கிறது. கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் மட்டும் மறக்காதீர்கள்: டெக்சஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் படகில் போனாலும் சொந்த லைசென்ஸ் வேண்டும், கடல்மீனுக்கான அனுமதியோடு.

சரி, அடுத்த தடவைக்கு வாங்கிடலாம்னு இருக்கேன். முதல்ல ராடா, ரீலா?

ரெண்டும் இல்லை, முதலில் ஈயக்குண்டு. எல்லோரும் கடையில் அழகான கம்பைப் பார்த்து வாங்கிவிட்டு, அதற்குப் பொருத்தமாக ரீல், அதற்குப் பொருத்தமாக நரம்பு என்று போகிறார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறேன்.

காரணம் இதுதான். பார்ட்டி போட்டில் எவ்வளவு ஈயம் கட்டுவது என்பது நம் விருப்பம் இல்லை. நீரோட்டம் குறைவான நாளில் 100 அடி ஆழத்துக்கு 6 முதல் 8 அவுன்ஸ் போதும். ஓட்டம் இழுத்தால் 12, சில நாள் 16 அவுன்ஸ், அதாவது கிட்டத்தட்ட அரைக் கிலோ. படகில் உள்ள எல்லோரும் ஒரே எடை கட்டினால் எல்லா நரம்பும் ஒரே சாய்வில் இறங்கும். நீங்கள் மட்டும் 4 அவுன்ஸ் கட்டினால் உங்கள் நரம்பு மிதந்துபோய்ப் பக்கத்தில் ஐந்து பேருடையதைச் சுற்றிவரும். அப்புறம் டெக்ஹேண்ட் (படகின் உதவியாள்) கத்தியோடு வருவார், வெட்டுப்படுவது உங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆகவே அரைக் கிலோ ஈயத்தை நாள் முழுக்க இறக்கி ஏற்றத் தாங்கும் செட் எது என்பதுதான் கேள்வி. அதற்கேற்ற நரம்பு, அந்த நரம்பு 300 கஜம் கொள்ளும் ரீல், அந்த ரீலுக்குப் பொருந்தும் கம்பு என்று வரிசையாக வாருங்கள். கம்பு கடைசி.

எத்தனை பவுண்டு நரம்பு? பிரெய்டா, மோனோவா?

ஸ்னாப்பருக்கு 50 முதல் 65 பவுண்டு பாரம் தாங்கும் பிரெய்டு (பல இழைகளைப் பின்னிய நரம்பு), அதன் முனையில் முப்பது நாற்பது அடிக்கு 60 பவுண்டு மோனோ. இதுதான் என் கணக்கு. பத்துப் பவுண்டு மீனுக்கு எதற்கு 65 என்று கேட்பீர்கள். மீன் தனியாக வருவதில்லை, பாறைக்கும் பழைய எண்ணெய்க் கிணற்று மேடைகளின் இரும்புக் காலுக்கும் நடுவிலிருந்து வருகிறது. கடித்த முதல் பத்து அடியில் அதை மேலே இழுக்காவிட்டால் போய்ச் செருகிக்கொள்ளும். நடுநடுவே பாரை வகையான ஆம்பர்ஜாக் 30, 40 பவுண்டில் வந்து கடிக்கும்போது இந்த நரம்பும் போதாது போலத் தோன்றும்.

பிரெய்டின் பெரிய லாபம் அதன் மெல்லிசு. 65 பவுண்டு பிரெய்டு, 16 பவுண்டு மோனோ அளவுக்குத்தான் தடிமன் இருக்கும். நீரோட்டம் அதைப் பிடித்துத் தள்ள முடியாது, சின்ன ரீலிலும் நிறைய ஏறும், 150 அடிக்குக் கீழே மீன் முகர்ந்தாலும் விரலில் தெரியும். மோனோ ரப்பர் மாதிரி நீளுவதால் அந்த ஆழத்தில் கடி மந்தமாகத்தான் தெரியும்.

அப்படியென்றால் முனையில் எதற்கு மோனோ? இரண்டு நரம்பு பின்னிக்கொண்டால் மோனோவைப் பிரித்துவிடலாம், பிரெய்டைப் பிரிக்கவே முடியாது, கையில் சுற்றி இழுத்தால் விரலையும் அறுக்கும். படகை ஒட்டி மீனைத் தூக்கும் கடைசி நேரத்தில் டெக்ஹேண்ட் பிடிக்கத் தோதாகவும் மோனோ இருக்கும். முழு மோனோதான் போடுவேன் என்றால் அதுவும் தப்பில்லை. அப்போது ரீல் ஒரு அளவு பெரிதாக வேண்டும், அவ்வளவுதான்.

பெரிய மீன் மாட்டுச்சு. ரீலைச் சுத்திக்கிட்டே இருக்கேன், நரம்பு வரவே இல்ல. ரீல் போச்சா?

ரீலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இதே கதை நடந்தது. புதிதாகப் பிரெய்டு வாங்கி, வெறும் ஸ்பூலில் (ரீலுக்குள் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நேராக முடிச்சுப் போட்டு நானே சுற்றினேன். ஸ்னாப்பர் வரை எல்லாம் நன்றாக இருந்தது. ஒரு நல்ல மீன் கடித்ததும் கைப்பிடி சுற்றுகிறது, ஸ்பூல் சுற்றுகிறது, அதன்மேல் பிரெய்டு மட்டும் வளையல் மாதிரி நின்ற இடத்தில் நிற்கிறது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், தோல் உரிந்ததுதான் மிச்சம்.

பிரெய்டு வழுவழுப்பு. வெறும் உலோகத்தைப் பிடிக்காது, மொத்தச் சுருளும் ஒன்றாக வழுக்கும். முதலில் பத்துப் பதினைந்து கஜம் மோனோவை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பிரெய்டைக் கட்ட வேண்டும். பிரெய்டு ஏற்றும்போது ஈரத்துணியால் பிடித்து இறுக்கமாக ஏற்றுங்கள். தளர்வாகச் சுற்றியிருந்தால் பாரம் விழும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்துகொள்ளும். கடையில் மெஷினில் ஏற்றித் தருவார்கள், முதல் முறைக்கு அதுவே நல்லது.

ஏரிக்கு எடுத்துட்டுப் போற ஸ்பின்னிங் ரீல் வீட்ல சும்மா கிடக்கு. அதையே கொண்டு வரவா?

கம்புக்கு அடியில் தொங்கும் அந்த ஏரி ரீலைக் கொண்டு வராதீர்கள். அதன் பல்சக்கரம் அரைக் கிலோ ஈயத்துக்கே அழும். பெரிய ஸ்பின்னிங், 8000, 10000 என்று எண் போட்டது இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் இது தூர எறிவதற்குப் பிறந்த ரீல், நமக்கு இங்கே வேலை கிணற்றில் வாளி இறைப்பது போன்றது. படகோரத்தில் நேர்கீழே விடுகிறோம், நேர்மேலே இழுக்கிறோம்.

இந்த இறைக்கிற வேலைக்குக் கம்பின் மேல் உட்காரும் கன்வென்ஷனல் ரீல்தான் வசதி. லீவரைத் தட்டினால் ஸ்பூல் அவிழும், கட்டைவிரலை லேசாக வைத்தால் வேகம் குறையும், ஈயம் தரை தொட்டதும் விரலுக்குத் தெரியும். விரலை எடுத்துவிட்டு அக்கம்பக்கம் பேசினால் குண்டு தரை தொட்ட பிறகும் ஸ்பூல் சுழன்று குருவிக்கூடு கட்டிவிடும். ரெண்டு தடவை கட்டினால் பழகிவிடும்.

ஸ்பின்னிங்குக்கும் ஒரு நேரம் உண்டு. எல்லோரும் அடியில் போட்டிருக்கும்போது மேல்நீரில் ஈயமில்லாமல் ஒரு இரையை மிதக்கவிட்டால் கிங் மேக்கரல் வரும். நம்ம வஞ்சிரத்தின் அமெரிக்கப் பங்காளி. கேப்டன் அனுமதித்தால் மட்டும், அதுவும் பின்முனையில் இடம் கிடைத்தால்.

ரீல் பெட்டியில 4:1, 6:1னு போட்டிருக்கே, எது நல்லது?

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அந்த எண். ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் நரம்பு ஏறும் என்றும் பக்கத்தில் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். 150 அடி என்றால் 1,800 அங்குலம். சுற்றுக்கு 40 அங்குலம் ஏற்றும் ரீலில் 45 சுற்று, 25 அங்குலம் ஏற்றும் ரீலில் 72 சுற்று. இரை போய்விட்டதா என்று பார்க்க ஒரு நாளில் முப்பது முறை சும்மா ஏற்றி இறக்குவீர்கள். மீனோடு சுற்றுவதைவிட வெறும் ஈயத்தோடு சுற்றுவதுதான் அதிகம்.

அப்போ 6:1 வாங்கிடலாமே என்றால், சைக்கிளில் உயர்ந்த கியரில் மேட்டில் ஏறுவது போல அது. பாரம் வந்ததும் கை நின்றுவிடும். ஸ்னாப்பருக்கு 4:1க்கும் 5:1க்கும் நடுவில் போதும். இரண்டு வேகம் உள்ள ரீலும் உண்டு, நல்ல சாமான்தான், விலை ஏறும். பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

ஸ்டார் டிராக், லீவர் டிராக்: வித்தியாசம் என்ன?

மீன் இழுக்கும்போது ஸ்பூலை எவ்வளவு வழுக்கவிடுவது என்பதுதான் டிராக். நட்சத்திரம் போன்ற சக்கரத்தைத் திருகி இறுக்கினால் ஸ்டார், பக்கத்தில் உள்ள நெம்பை முன்னே தள்ளினால் லீவர். லீவரில் எவ்வளவு இறுக்கியிருக்கிறோம் என்று கண்ணால் பார்க்கலாம், முன்பே அளந்து வைத்த இடத்துக்குச் சண்டை நடுவில் திரும்பவும் வரலாம். ஸ்டார் விலை குறைவு, பழுதுபார்ப்பதும் சுலபம். அடிமட்ட மீனுக்கு ஸ்டாரே போதும்.

எதுவானாலும் அளந்து வையுங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கு என்பது பழைய கணக்கு, 60 பவுண்டுக்கு 15. பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு வீட்டில் கட்டாயம் இருக்கும், ஊருக்குப் போகும்போது 23 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்க்க வாங்கினோமே, அதேதான். நரம்பை அதில் மாட்டி இழுத்துப் பாருங்கள். 15 பவுண்டு என்பது கிட்டத்தட்ட 7 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து வைக்கும் ஆட்கள் பெரும்பாலும் அதில் பாதிதான் வைக்கிறார்கள்.

ராட் எவ்வளவு நீளம்? அதுமேல ஏதேதோ எழுதியிருக்கே?

ஆறு முதல் ஏழு அடி. நான் வைத்திருப்பது ஆறரை. எட்டடிக் கம்பு நெம்புகோல் மாதிரி, ஆனால் அந்த நெம்புகோலின் நீண்ட பக்கம் மீன் கையில் இருக்கிறது. நீளக் கம்பில் மீனுக்குப் பலம், குட்டைக் கம்பில் நமக்குப் பலம். நெரிசலில் பக்கத்து ஆளின் தொப்பியைத் தட்டாமல் இருப்பதற்கும் குட்டைதான் நல்லது.

கம்பின் மேல் உள்ள எழுத்தில் ரெண்டைப் பாருங்கள். நரம்பு 30–60 அல்லது 40–80 பவுண்டு என்று இருக்க வேண்டும். எடை அளவு போட்டிருந்தால் அதில் 12 அவுன்ஸாவது வர வேண்டும், இல்லாவிட்டால் முன்பு சொன்ன ஈயக் கணக்குக்குத் தேறாது. மீடியம் ஹெவி, ஹெவி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை நம்பி வாங்க வேண்டாம்.

கிராஃபைட் ராட் இலகுவா இருக்கு, ஆனா பார்ட்டி போட்டுக்கு வேண்டாம்னு கடைக்காரரே சொல்றார். ஏன்?

நல்ல கடைக்காரர். கிராஃபைட் லேசு, கடியை நன்றாகச் சொல்லும். ஆனால் அடிபட்டால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழும், இன்னொரு நாள் பாரம் வரும்போது அந்த இடத்தில் சடாரென முறியும். பார்ட்டி போட்டில் அடிபடாமல் இருக்க வழியே இல்லை. படகு ஓடும்போது எல்லோருடைய கம்பும் கூண்டில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வரும். களைத்துப்போனவர்கள் கம்பை விளிம்புக் கம்பியில் சாய்த்துக்கொண்டு சுற்றுவார்கள், அதிலும் கிராஃபைட் பாவம்.

ஃபைபர் கிளாஸ் கனம், கொஞ்சம் சோம்பேறி, ஆனால் எளிதில் முறியாது. ரெண்டும் கலந்து செய்தது கிடைக்கிறது, நான் சொல்வது அதைத்தான். அடிக்கட்டையில் சிலுவைக் கீறல் போட்ட உலோக மூடி இருக்கிறதா பாருங்கள், இடுப்பில் கட்டும் பெல்ட்டில் மாட்டிக்கொள்ள. பெல்ட் இல்லாமல் கம்பை வயிற்றில் முட்டுக்கொடுத்து ஒரு ஆம்பர்ஜாக்கை ஏற்றியவர்களுக்கு மறுநாள் அந்த வட்டம் நீலமாகத் தெரியும்.

கடிச்சது நல்லாத் தெரிஞ்சுது, சுண்டி இழுத்தேன், ஒண்ணும் மாட்டல. பத்துத் தடவை இப்படியே. ராட் மட்டமா?

ராட் மேல் பழி போடாதீர்கள். வளைகுடாவில் அமெரிக்க மத்திய அரசின் கடல் எல்லைக்குள் இந்தப் பாறை மீன்களை இயற்கை இரையில் பிடிக்க சர்க்கிள் ஹூக் என்ற வட்டத் தூண்டில் முள் கட்டாயம். அதன் முனை உள்நோக்கி வளைந்திருக்கும். சுண்டினால் மீனின் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். மெதுவாகச் சுற்றிப் பாரம் ஏற்றினால் தானே திரும்பி வாய் ஓரத்தில் மாட்டும். ஊரில் சுண்டிச் சுண்டிப் பழகிய கைக்கு இதுதான் பெரிய கஷ்டம்.

கம்புக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு. நுனி மிருதுவாக, அடி முரடாக இருந்தால் மீன் இழுப்பை உணராமல் விழுங்கி நடக்கும். உலக்கை மாதிரி விறைத்த கம்பானால் நுனியைக் கடலை நோக்கித் தாழ்த்திப் பிடித்துக்கொள்ளுங்கள், கடித்ததும் சுற்ற மட்டும் செய்யுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு சுற்று. அதன் பிறகு தூக்குங்கள்.

பழைய ரீல் ஒண்ணு கராஜ் சேல்ல பாத்தேன். வாங்கலாமா?

வாங்கலாம், நான் வாங்கியதில் உருப்படியானவை பாதி அங்கேதான். கையில் எடுத்து ஸ்பூலை அவிழ்த்துச் சுண்டிவிடுங்கள், சத்தமில்லாமல் சுழல வேண்டும். டிராக்கைப் பாதி இறுக்கி நரம்பை இழுத்துப் பாருங்கள். சீராக வர வேண்டும், விக்கி விக்கி வந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. அது சின்னச் செலவுதான், அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். ரீலின் பாதத்துக்கு அடியில் பச்சை பூத்திருந்தால் உப்பு உள்ளே போயிருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள்.

பழைய கம்பென்றால் நரம்பு ஓடும் வளையங்களைத்தான் பார்க்க வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, பிரெய்டை அறுத்துவிடும். புதிதாகவே வாங்குகிறீர்களென்றால் ராடும் ரீலும் சேர்த்து 200 டாலர் வாக்கில் நாணயமான செட் கிடைக்கும். அதற்கு மேல் போவது ஆசைக்கு.

அப்பா தூத்துக்குடியிலேர்ந்து வந்திருக்கார். "கையில நரம்ப விட்டா போதாதா, எதுக்குடா இவ்ளோ தளவாடம்"ங்கிறார். என்ன சொல்ல?

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வள்ளத்தில் ரெண்டு பேர் போய்க் கைத்தூண்டில் போட ரீல் எதற்கு? ஆனால் இங்கே நாற்பது பேர். தரையில் சுருண்டு கிடக்கும் கைநரம்பை யாராவது மிதிப்பார்கள், இழுக்கும் நேரத்தில் மாட்டிக்கொள்ளும். படகில் விடமாட்டார்கள். அவருக்கு வாடகைச் செட்டையே கொடுங்கள், விரலில் கடியைப் படிக்கும் பழக்கம் இருப்பதால் நம்மைவிட அதிகம் பிடிப்பார். என் மாமனார் முதல் நாளே அப்படித்தான் மானத்தை வாங்கினார்.

தோள்வலி உள்ளவர்களென்றால் பேட்டரியில் ஓடும் எலக்ட்ரிக் ரீல் இருக்கிறது. சில படகுகளில் விடுவார்கள், சிலவற்றில் மாட்டார்கள். விலையும் அதிகம், டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் பாதி வழி வந்ததும் சுறா தின்னுட்டுத் தலைய மட்டும் குடுக்குது. வேகமான ரீல் வாங்கினா தப்பிக்கலாமா?

கொஞ்சம்தான். 6:1 பாரத்தில் நின்றுவிடும் என்று மேலே சொன்னேனே, சுறா வரும் நேரத்தில் நின்ற ரீலால் என்ன பயன்? டிராக் சரியாக அளந்து வைத்திருந்து, கம்பை ஆட்டாமல் விடாமல் சுற்றினால் 4:1லேயே வேகமாக வரும். கம்பை உயர்த்தி உயர்த்தி இறக்குபவர்கள்தான் நேரத்தை வீணாக்குகிறார்கள், ஒவ்வொரு இறக்கத்திலும் மீன் நின்று அடித்துக்கொள்ளும், அந்தத் துடிப்புக்குத்தான் சுறா வருகிறது. மூன்று பேருக்குத் தலை மட்டும் வந்தால் கேப்டனே இடத்தை மாற்றிவிடுவார்.

இதே செட்டை வச்சு ராத்திரி சூரை பிடிக்கப் போற பயணத்துக்கும் போகலாமா?

வேண்டாம். அது வேறு உலகம். நூறு மைலுக்கு மேல் போய், ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் மிதக்கும் எண்ணெய் மேடைகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் துடுப்புச் சூரை பிடிப்பது. ஸ்னாப்பர் இருபது அடி இழுத்தால் சூரை முந்நூறு கஜத்தையும் உருவிக்கொண்டு போகும். 80 பவுண்டு நரம்பு, 500 கஜமாவது கொள்ளும் இரண்டு வேக லீவர் டிராக் ரீல் வேண்டும். முன்பு தேவையில்லை என்று சொன்ன இரண்டு வேகம் இங்கேதான் தேவை. வருடத்துக்கு ஒரு முறை போவதற்கு அதை வாங்குவதைவிட வாடகைக்கு எடுங்கள்.

வந்ததும் பைப்பைத் திறந்து நல்லா அடிச்சுக் கழுவினேன். ஆனாலும் அடுத்த மாசம் டிராக் இறுகிப் போச்சே?

அடித்துக் கழுவியதால்தான். வேகமான தண்ணீர் உப்பை உள்ளே தள்ளிவிடும். டிராக்கை இறுக்கிவிட்டு, பூவாளியில் செடிக்கு ஊற்றுவது போல மேலாக ஊற்றுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், நிழலில் உலர்த்துங்கள். உலர்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்திவிட வேண்டும், இறுக்கி வைத்தால் வாஷர்கள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். கம்பின் வளையங்களையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். இதையெல்லாம் அன்றைக்கு இரவே செய்யுங்கள். மீனைச் சுத்தம் செய்து குழம்பு கொதிக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். இறுகிப்போனதைக் கழற்றி வாஷர் மாற்றினால் சரியாகிவிடும், கழற்றும்போது ஒவ்வொரு படிக்கும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுக்காமல் கழற்றி மிச்சம் வந்த ஒரு ஸ்பிரிங் இன்னமும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.